ரத்தம் பார்க்கப் போன காலைகள்

எனக்கு ஒரு சின்ன வெட்டுப்பட்டாலும் ரத்தம் நிற்க நேரமாகும். வெங்காயம் நறுக்கும்போது கத்தி விரலில் இறங்கினால், மற்றவர்கள் குழாயடியில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, சுத்தமான துணியால் விரலைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். குழம்பு காத்திருக்கும். பழகிவிட்டது.

சின்ன வயதில் இப்படியில்லை. சைதாப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் வளர்ந்தவள் நான். முட்டி தேயாத வாரம் இருந்ததாக நினைவில்லை. விழுந்த இடத்திலேயே மண்ணை ஊதிவிட்டு, எச்சிலைத் தொட்டு வைத்துவிட்டு ஓடுவேன். ஆட்டம் முடிவதற்குள் ரத்தம் நின்றிருக்கும். மறுநாள் பக்கு கட்டியிருக்கும். அதைப் பிய்க்கப் போனால் அம்மா கையில் ஒன்று வைப்பாள். உடம்பு தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்வதைப் பற்றி அப்போது யார் யோசித்தார்கள்?

அதே வயதில்தான் அடிக்கடி தொண்டை வலிக்கும், காய்ச்சல் வரும், மூட்டுகள் வீங்கும். வளர்கிற பிள்ளைக்கு இதெல்லாம் சகஜம் என்று சொன்னார்கள். அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வை அரித்துவிட்டுப் போயிருந்தது தெரியவந்தபோது எனக்குக் கல்யாணமாகி, மகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுப் படிகளை ஒரே மூச்சில் ஏற முடியாமல் நடுவில் உட்கார ஆரம்பித்தேன். பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மார்பைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்கள். அமைதியான அறையில் அது மூடித் திறக்கும் சத்தம் எனக்கே கேட்கும். என் மகள் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மாவுக்குள்ள வாட்ச் இருக்கு" என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டாள்.

அந்த வால்வோடு வாழ்நாள் முழுக்க ஒரு மாத்திரையும் வந்தது. ரத்தம் சீக்கிரம் உறையாமல் இருக்க. மாதாமாதம் ரத்தம் எடுத்து, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஐ.என்.ஆர் என்று பெயர். என்னைப் போன்றவர்களுக்கு அந்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் கசியும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, எல்லாம் சாப்பிடலாம் என்று சொன்னதாகத்தான் ஞாபகம். நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

கொஞ்ச நாள் அம்மா வீட்டில் கஞ்சியும் இட்லியுமாக இருந்துவிட்டு கே.கே. நகர் திரும்பினேன். அங்கே மாமியார் எனக்காகக் காத்திருந்தார்.

என் மாமியார் திருநெல்வேலிப் பக்கம். மகனுக்குத் தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பட்டுப் பிரிவில் வேலை கிடைத்தபோது, சமைத்துப்போட என்று கூடவே வந்தவர். வந்து பல வருஷமாகியும் சென்னை அவருக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளையார் கோயிலோடும் காய்கறிக் கடையோடும் முடிந்துவிடும். என் பேச்சு அவருக்கு வேடிக்கை. "இன்னா அத்த" என்று நான் கூப்பிட்டால், "இன்னாவாம் இன்னா" என்று பழித்துக் காட்டிவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆனால் அன்றைக்குப் படியேறி வந்த என்னைப் பார்த்துப் பழிக்கவில்லை. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏளா, ஒரு சொட்டு ரெத்தமில்லையே மூஞ்சில. எல்லாத்தையும் உறிஞ்சிட்டாவளா? இரு, ஒரே மாசத்துல ஊற வைக்கேன்."

கீழ் வீட்டில் ஆட்டோ ஓட்டும் பாயின் குடும்பம் இருந்தது. உருது பேசும் வீடு. அவர்கள் வாசலில் ஒரு முருங்கை மரம். பாயின் மனைவி தினமும் காலையில் ஒரு கொத்தை ஒடித்து மாடிக்கு அனுப்பிவிடுவார். மாமியார் அதை ஆய்ந்து, காலையில் சாறாகவும் மத்தியானம் பொரியலாகவும் செய்வார். ராத்திரி அடையிலும் அதையே போடுவார். மற்றவர்கள் தட்டில் ஒரு கரண்டி என்றால் என் தட்டில் குவியல். எனக்கும் முகத்தில் தெளிவு வந்ததுபோல்தான் இருந்தது. கண்ணாடி பார்க்கப் பிடித்தது.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒருநாள் காலை, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த துண்டு நழுவியது. எடுக்கப் போனேன். வலது கை வரவில்லை. வலியே இல்லை, அது என் கை இல்லாததுபோல் தொங்கியது. அத்தை என்று கூப்பிட நினைத்தேன். வாயிலிருந்து வேறு ஏதோ சத்தம் வந்தது.

மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். என் வாயைப் பார்த்ததும் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு மாடிப்படிக்கு ஓடினார். "பாய்! பாய்! புள்ளைக்கு வாய் கோணுது, ஓடி வாங்க!"

பாய் அப்போதுதான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். அவரும் அவர் மனைவியும் என்னைத் தூக்கி இறக்கினார்கள். "ஒண்ணும் ஆவாதும்மா, கண்ண மூடாத, என்னையே பார்த்துகினு வா" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். மாமியார் என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில்தான் பார்த்தேன், அவர் காலில் செருப்பில்லை.

மத்தியானத்துக்குள் கை திரும்பிவிட்டது. பேச்சும் வந்துவிட்டது. மூளைக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன ரத்தக்கட்டி வந்து நின்று, பிறகு தானே கரைந்திருக்கிறது என்றார்கள். ஐ.என்.ஆர் ஒன்றுக்குச் சற்று மேலேதான் இருந்தது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இருப்பதுபோல.

"மாத்திரையை விட்டீங்களா?" என்று கேட்டார் டாக்டர். இளம் பெண், குரலில் அவசரம் இல்லாதவர்.

"ஒரு நாள் கூட விடல டாக்டர்."

"சாப்பாட்டுல ஏதாவது புதுசா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் பெருமையாகச் சொன்னார். "முருங்கைக்கீரை கொடுக்கேம்மா. மூணு வேளையும். ரெத்தம் ஊறணும்லா?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அம்மா, கையில வெட்டிக்கிட்டா ரத்தம் தானா நிக்குது இல்லையா? முதல்ல ரத்தத்துல இருக்கற சின்னச் சின்ன அணுக்கள் ஓடிவந்து வெட்டுப்பட்ட இடத்துல ஒட்டிக்கும். அப்புறம் அது மேல மெல்லிசா நூல் நூலா வலை மாதிரி ஒண்ணு பின்னிக்கும். அந்த வலையில ரத்தம் சிக்கி உறைஞ்சு, ஓட்டை அடைபட்டுடும். அந்த நூல் உண்டாகறதுக்கு வேண்டிய சரக்கைக் கல்லீரல்தான் பண்ணுது. அதுக்குக் கீரையில இருக்கற ஒரு சத்து வேணும்."

"அப்பம் நல்லதுதான?"

"உங்களுக்கும் எனக்கும் நல்லது. இவங்க நெஞ்சுல ஒரு உலோகத் துண்டு இருக்கு. ரத்தத்துக்கு அது உலோகம்னு தெரியாது. காயம்னு நினைச்சு அடைக்கப் பாக்கும். அப்படி அடைக்கக் கூடாதுன்னுதான் அந்தச் சத்தை மட்டுப்படுத்த மாத்திரை கொடுக்கறோம். நீங்க கீரையைக் குவிச்சதும் மாத்திரை தோத்துப்போச்சு."

மாமியார் என் வாயையே பார்த்தார். "அப்பம், நான் கொடுத்ததுதான் இவ வாயைக் கோண வச்சுதா?"

"உங்க மேல தப்பில்லம்மா. யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கணும்."

அந்தப் பதிலை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் என் பக்கத்திலேயே இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு கீரை என்ற பேச்சே எழவில்லை. பாய் வீட்டிலிருந்து வந்த கொத்தை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். கொத்தமல்லி போனது, கறிவேப்பிலை போனது, முட்டைக்கோஸ் போனது, பச்சையாக எதைக் கண்டாலும் பயந்தார். என் கணவர் ஒருநாள் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "என்னம்மா, வெந்நி மாதிரி இருக்கு?" என்று கேட்டதற்கு, "குடிச்சா குடி" என்று எழுந்து போய்விட்டார்.

என் மாத்திரையின் அளவை ஆஸ்பத்திரியில் கூட்டியிருந்தார்கள். ஆனால் இங்கே கீரை என்பதே நின்றுபோயிருந்தது. ஒரு காலையில் பல் தேய்க்கும்போது தொட்டி சிவந்தது. கொப்பளிக்கக் கொப்பளிக்க ஈறிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தொடையில் எங்கும் இடித்துக்கொள்ளாமலே நீலம் பூத்திருந்தது.

அது ஆடித் தள்ளுபடி காலம். கடையில் யாருக்கும் அரை நாள் லீவு கிடையாது. கணவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாமியார் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "நீ கடைக்குப் போ. நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். ஆஸ்பத்திரி இருந்த தி.நகர் எந்தத் திசை என்றே அவருக்குத் தெரியாது. பாயின் ஆட்டோவில் போனோம்.

ஐ.என்.ஆர் ஆறைத் தாண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்திவைத்து, மருந்து கொடுத்து, மறுபடி பார்க்கலாம் என்றார் அதே டாக்டர். வீட்டில் இப்போது கீரையே இல்லை என்று நான் சொன்னதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, கூடவும் வேண்டாம், அறவே நிறுத்தவும் வேண்டாம். வாரத்துக்கு இவ்வளவுன்னு வச்சுக்கிட்டா, அவ்வளவுதான். எப்பவும் ஒரே அளவு. நீங்க அளவை மாத்தாம இருந்தா மாத்திரையை நான் அதுக்கு ஏத்தாப்பல வச்சுடுவேன்."

"அப்பம் நான் பொங்கிப் போடலாமா?"

"நீங்கதான் போடணும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்திருந்தார்கள். மற்றவர்கள் ஒரு நிமிஷம் அழுத்திவிட்டு எறிந்துவிட்டுப் போனார்கள். என் பஞ்சு சிவந்துகொண்டே இருந்தது. மாமியார் என் கையைத் தன் மடிக்கு இழுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உன் வீட்டுக்காரனுக்குப் பொறவு ஒரு பொம்பளப் புள்ள பெத்தேன். ஒனக்குத் தெரியாது. தங்கல. பெத்த அன்னிக்கு எனக்கு ரெத்தம் நிக்கவே இல்ல. பழந்துணி எல்லாம் தீந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி, யாரோ ரெத்தம் கொடுத்து, பொழச்சேன். வெள்ளக் காயிதம் மாதிரி இருந்தேன்னு சொல்லுவாவ. எங்க நாத்தனாதான் ஆறு மாசம் தெனம் முருங்கைக்கீரை ஆக்கிப் போட்டு என்னை எந்திரிக்க வச்சா. அதான் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம். ஒன்னை அன்னிக்குப் படியில பாத்ததும், நான் என்னையத்தான் பாத்தேன்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்தக் குழந்தையைப் பற்றி என் கணவர்கூடச் சொன்னதில்லை, அவருக்கும் தெரியாதாம். "அத்த" என்று மட்டும் சொன்னேன். அவர் பஞ்சை எடுத்துப் பார்த்தார்.

"ரெத்தம் நின்னுட்டு. வா, எனக்குப் பசிக்கு."

அன்றைக்குத்தான் முதன்முதலாக நாங்கள் இரண்டு பேரும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மகன் இல்லாமல் ஓட்டலுக்குள் நுழைவது அவருக்குக் கூச்சமாக இருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு மூலை மேஜையைப் பார்த்து உட்கார்ந்தார். சாம்பார் வடை வந்ததும் கூச்சம் போய்விட்டது. "நம்ம வீட்டுச் சாம்பார்ல இந்த ருசி வரலயே, ஏன்?" என்று பரிமாறியவரையே கேட்டுவிட்டார். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

அதன்பிறகு என்னை ரத்தம் பார்க்கக் கூட்டிப் போவது அவர் வேலை என்று ஆகிவிட்டது. கணவருக்கு லீவு கிடைத்த மாதங்களிலும், "நீ தூங்கு, நாங்க போயிட்டு வாரோம்" என்று கிளம்பிவிடுவார். முதலில் பாயின் ஆட்டோ, பிறகு பஸ். ஜன்னல் சீட் அவருக்கு. லேப் ஏழு மணிக்கே திறந்துவிடும். அந்த நேரத்துத் தி.நகரை மத்தியானத்தில் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கும். நடைபாதையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். பூக்காரிகள் கூடையைச் சுற்றி உட்கார்ந்து வாயும் கையுமாகத் தொடுத்துக்கொண்டிருப்பார்கள். மகன் வேலை பார்க்கும் கடையைத் தாண்டும்போதெல்லாம் மாமியார் அண்ணாந்து பார்த்து, "இத்தன மாடியிலயும் துணியா?" என்று கேட்பார். ஒவ்வொரு மாதமும் கேட்பார்.

லேபில் அவர் என்னைவிடப் பிரபலமாகிவிட்டார். வால்வு வைத்தவர்கள், காலில் ரத்தம் கட்டியவர்கள் என்று மாத்திரைக்காரர்கள் பத்துப் பேராவது எப்போதும் இருப்பார்கள். மற்றவர்கள் ஊரையும் உறவையும் விசாரிக்கிற மாதிரி இவர் எண்ணை விசாரிப்பார்.

"உங்களுக்கு எவ்வளவுங்க?"

"ரெண்டேமுக்கால் பாட்டி."

"நல்ல நம்பரு. அப்பிடியே வச்சுக்கிடுங்க. வீட்ல கீரை யாரு ஆக்குதா? அவுகளக் கூப்பிடுங்க, ஒரு வார்த்தை சொல்லுதேன்."

ஒருமுறை சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், இந்தப் பாட்டி இந்த லேப் டாக்டரா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பஞ்சை விட்டுவிட, கை மறுபடி கசிந்து, "சிரிக்காதளா, ரெத்தம் வருது" என்று வசவு வாங்கினேன்.

அதே ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுப் பனகல் பார்க்கில் கொஞ்சநேரம் உட்காருவோம். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் சாக்கு. அங்கேதான் அவருடைய கதை முழுக்க எனக்குத் தெரிந்தது. என்னுடையதும் அவருக்குத் தெரிந்தது. வீட்டில் அடுப்பும் குழாயும் மகளின் வீட்டுப்பாடமும் எங்களுக்கு நடுவில் இருந்தன. பார்க்கில் ஒன்றுமில்லை. ரிசல்ட் சரியாக வந்த நாளில், பாத்திரக் கடை திறக்கும்வரை இருந்து ஒரு டம்ளரோ கரண்டியோ வாங்காமல் திரும்ப மாட்டார். சில நாள் மயிலாப்பூருக்குப் பஸ் மாறிப்போய்க் குளத்தைச் சுற்றிவிட்டு வருவோம். வீட்டுக்கு வந்ததும் மகனிடம், "அங்க ஒரே கூட்டம், லேட்டாயிட்டு" என்று முகம் மாறாமல் சொல்வார்.

இப்போது நினைத்துப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். அவை ஊசி குத்தப் போன நாட்கள். எண் கூடியதோ குறைந்ததோ என்ற பயம் இருக்கும். இருந்தும் மாதம் பிறந்தால் அந்தக் காலைக்காக நான் காத்திருந்தேன்.

பிறகு அவருக்கு முழங்கால் விட்டுப்போனது. முதலில் பஸ் நின்றது, பிறகு மாடிப்படி. கொஞ்ச மாதங்கள் கணவர் கூட வந்தார். அப்புறம் மகள், வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தவள், ஒரு சின்ன மெஷினை வாங்கி வந்தாள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு வைத்தால் அதுவே எண்ணைச் சொல்லிவிடும். டாக்டருக்கு போனில் அனுப்பினால் மாத்திரை அளவை அவர் எழுதி அனுப்புகிறார். வெளியே போக வேண்டியதே இல்லை. நல்ல வசதிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியாரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் குத்திக்கொள்வேன். மெஷின் முனகி முடிப்பதற்குள் இரண்டு தடவை "எவ்வளவு?" என்று கேட்டுவிடுவார்.

போன தை மாதத்தில் ஒருநாள், எண்ணைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "ஏளா, அந்த ஓட்டல் இருக்கா?" என்றார்.

"இருக்கும் அத்த."

"ஒருக்காப் போவமா?"

பாய் இப்போது ஆட்டோ ஓட்டுவதில்லை. அவர் மகன் ஓட்டுகிறான். அவனும் என் கணவரும் மாமியாரை நாற்காலியோடு படியிறக்கினார்கள். தி.நகரில் மெட்ரோவுக்காகத் தோண்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். பையன் எங்கெங்கோ சுற்றிப் போனான். மாமியார் தலையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரு மாதிரியே இல்லயே" என்றார். நம்ம ஊர் என்று அவர் சென்னையைச் சொல்லி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஓட்டல் இருந்தது. மேஜைகள் மாறியிருந்தன, பரிமாறியவர்களில் தெரிந்த முகம் இல்லை. வாசலுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து அவரை உட்கார வைத்தேன். சாம்பார் வடை வந்தது. ஒரு வாய் எடுத்து மென்றுகொண்டே யோசித்தார்.

"எப்பிடி அத்த?"

"வடை சிறுத்துட்டு" என்றார். பிறகு கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஒனக்கு வேணும்னா இன்னொண்ணு சொல்லிக்கோ. இதுல பங்கு கிடையாது" என்றார்.